புழுங்கலரிசியும் மூளையின் எரிபொருளும்

மியான்மரின் யாங்கோன், இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இரங்கூன் என்ற பெயரில் உலகின் முதன்மையான அரிசி ஏற்றுமதித் துறைமுகங்களுள் ஒன்றாக விளங்கியது. ஐராவதிக் கழிமுகத்து வயல்களை நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கடனும், துறைமுகத்து ஆலைகளைத் தமிழ், தெலுங்குக் கூலிகளின் உழைப்பும் தாங்கி நின்றன. ஆசியாவின் நீராவி ஆலைகள் தவிட்டை முற்றிலும் நீக்கித் தீட்டிய வெள்ளையரிசி பரவிய சிறைகளிலும் சுரங்கங்களிலும், கால் மரத்து இதயம் தளர்ந்து உயிரைக் கொல்லும் பெரிபெரி நோயும் பரவியது.

மலாயாவில் பணியாற்றிய பிராடன் என்ற மருத்துவர், வெள்ளையரிசி உண்ட சீனத் தொழிலாளர் இந்நோயால் மடிய, புழுங்கலரிசி உண்ட தமிழர் பெரும்பாலும் தப்பியதைக் கண்டு 1907இல் நூலாக எழுதினார். அதே ஆண்டு, கோலாலம்பூர் மனநோய் விடுதியில் இருவகை அரிசியையும் இரு பிரிவினருக்குக் கொடுத்துப் பார்த்த பிளெட்சர், வெள்ளையரிசிப் பிரிவில் 18 பேர் பெரிபெரியால் இறந்ததையும் புழுங்கலரிசிப் பிரிவில் ஒருவரும் அவ்வாறு இறக்காததையும் வெளியிட்டார். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுவதால், பின்னர் தீட்டினாலும் அது முழுதும் போவதில்லை. இதை மருந்தென்று கருதி யாரும் நெல் அவித்ததில்லை. இடிக்கையில் அரிசி நொறுங்காது, சோறு நெடுநேரம் பசி தாங்கும் என்பவையே வீடுகள் அறிந்த நன்மைகள். பிராடனும் வெள்ளையரிசியில் ஏதோ நஞ்சு ஊறுகிறது என்றே நம்பினார்.

1926இல் பட்டேவியாவில் தயமின் படிகமாகப் பிரித்தெடுக்கப்பட்டது. அதையடுத்த ஆண்டுகளில் ஆக்ஸ்ஃபோர்டில் ரூடால்ப் பீட்டர்ஸ், தயமின் குறைந்த புறாக்களின் மூளையில் லாக்டேட் தேங்குவதைக் கண்டு, குளுக்கோஸ் முழுமையாக எரியாமல் பாதிவழியில் நின்றுவிடுகிறது என்று காட்டினார். உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, ஓய்விலிருக்கும் உடலின் ஆற்றலில் சுமார் 20 விழுக்காட்டைச் செலவிடுவதால், இத்தடை அதற்குப் பேரிடியாகிறது.

லாக்டேட் அப்போது சேதத்தின் அடையாளமாக மட்டுமே கருதப்பட்டது. அக்கருத்தை மாற்றியவை ஆஸ்ட்ரோசைட் எனப்படும் விண்மீன் வடிவ உயிரணுக்களே. நெடுங்காலம் நரம்பணுக்களை ஒட்டிவைக்கும் பசையாக எண்ணப்பட்ட இவை, ஒரு புறம் இரத்த நுண்குழாய்களையும் மறுபுறம் நரம்பணுக்களின் சந்திப்புகளையும் தழுவி நிற்கின்றன. மூளையின் கிளைக்கோஜன் இருப்பும் பெரும்பாலும் இவற்றில்தான் உள்ளது. செய்தி கடத்தியபின் எஞ்சும் குளூட்டமேட்டை ஆஸ்ட்ரோசைட் உறிஞ்சும்போதே குளுக்கோஸைச் சிதைத்து, கிடைக்கும் லாக்டேட்டை நரம்பணுவுக்கு எரிபொருளாக வழங்குகிறது என்ற கருதுகோளை, 1994இல் பெல்லரினும் மாஜிஸ்திரெட்டியும் முன்வைத்தனர். அவ்வழங்கலின் அளவு பற்றிய வாதம் ஓயவில்லை. தயமின் குறைந்த விலங்குகளில், குளூட்டமேட்டை உறிஞ்சும் ஆஸ்ட்ரோசைட் புரதங்கள் குறைந்து, தேங்கிய குளூட்டமேட் நரம்பணுக்களை மிகையாகத் தூண்டி அழிப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

இவ்வறிவு பெருகிய பின்னரும், தீட்டிய அரிசியே முதன்மை உணவாகவும் பிள்ளைப்பேற்றுப் பத்தியம் கடுமையாகவும் உள்ள மியான்மரில் பால்குடிக் குழந்தைகளின் பெரிபெரி முற்றிலும் ஒழியவில்லை. அதனால் நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்ற தாய்மாருக்கும் பி1 மாத்திரை வழங்கும் திட்டம் அங்கு ஏற்பட்டது.