மங்கிய ஒளியிற் படம் பிடித்த வரலாறு

மாலை மங்கிவிட்டது. மண்டபத்திலே இரண்டொரு விளக்குகளே எரிகின்றன. கமராவினுள் இருப்பதோ 400 என்னும் வேக எண் குறித்த கறுப்பு வெள்ளைப் பிலிம். அவ்வொளிக்கு அது போதாது. படம் பிடிப்பவர் ஒளிமானியை 1600 என்னும் எண்ணுக்குத் திருப்பி வைத்துக்கொண்டு, வேண்டிய ஒளியில் நான்கில் ஒரு பங்கை மட்டுமே பிலிமுக்குக் கொடுத்துப் படங்களை எடுத்து முடிக்கிறார். பின்னர் வீட்டிற் குளியலறையை இருளாக்கி, பிலிமைச் சிறியதொரு தாங்கியில் இட்டு, உருத்துலக்கும் திரவத்தில் வழக்கத்திலும் நீண்ட நேரம் வைத்திருக்கிறார். ஒளியிற் குறைந்ததை நேரத்தால் ஈடுசெய்ய முயலும் இம்முறைக்குப் 'புஷ்' செய்தல், அதாவது பிலிமை முன்னே தள்ளுதல், என்று பெயர்.

இவ்வாறு செய்தால் ஒளிக்குப் பட்ட கடன் உண்மையிலே அடைபடுகின்றதா? இன்று படம் பிடித்துப் பழகுவோர் கேட்கும் இக்கேள்வி புதியதன்று. 1890ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இதே கேள்வி எழுந்து, ஒரு கலைஞர் தாம் எழுதிய நூலைத் தாமே மறுதலிக்கும் அளவுக்குச் சென்றது.

உருத்துலக்கல் என்பதே ஒருவகையில் ஒளிக்குறையை ஈடுசெய்யப் பிறந்த உபாயந்தான். தொடக்கத்தில் வில்லியம் ஹென்றி பொக்ஸ் தால்பொட் என்னும் ஆங்கிலேய அறிஞர், வெள்ளியுப்புப் பூசிய தாளைக் கமராவினுள் வைத்து, உருவம் கண்ணுக்குத் தெரியும்வரை வெயிலிலே காத்திருந்தார். ஒரு படத்துக்கு ஒரு மணி நேரமும் ஆகலாம். 1840ஆம் ஆண்டு செப்டெம்பரில் அவர் வேறொன்றைக் கண்டார். சிறிது நேரமே ஒளிபட்ட வெறுந்தாளிற் கலிக்கமிலம் கலந்த கரைசலைத் தடவியபோது, அதுவரை காணப்படாதிருந்த உருவம் மெல்ல மெல்லத் தோன்றியது. மணிக்கணக்கில் நின்ற வேலை நிமிடக் கணக்கில் முடிந்தது. ஒளி தொட்டுச் சென்ற மிக நுண்ணிய சுவட்டை இரசாயனம் கோடிக்கணக்கான மடங்கு பெருக்கிக் காட்டுகிறது என்னும் விளக்கம் பிற்காலத்திலேயே வந்தது. இல்லாததுபோற் கிடந்த ஒன்றை வெளிக்கொணர வல்ல திரவம், இன்னும் சற்று நேரம் விட்டால் இன்னும் எதைத்தான் வெளிக்கொணராது? அக்காலத்தார் இவ்வாறு எண்ணியதில் வியப்பில்லை.

அந்நாட்களிற் படம் பிடித்தோருட் பெரும்பாலோர் உருத்துலக்கும் வேலையைத் தாமே செய்தனர். கண்ணாடித் தகட்டிற் பூசிய கொலோடியன் உலர்வதற்குள் வேலை முடிந்தாகவேண்டும். ஆகவே இருட்டறை கமராவுக்கு அருகிலேயே இருந்தது. ஜூலியா மார்கிரட் கமெரன் அம்மையாருக்கு 1863இற் கமராவொன்று பரிசாகக் கிடைத்தபோது, வைற் தீவிலிருந்த தமது வீட்டின் நிலக்கரிக் கொட்டிலை இருட்டறையாகவும், கோழிக்கூட்டைப் படப்பிடிப்பு மண்டபமாகவும் மாற்றிக்கொண்டார். அவர் முன்னிலையில் அமர்ந்தோர் நிமிடக்கணக்கில் அசையாதிருக்க வேண்டியிருந்தது. இவ்வம்மையார் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே காலமானார். அவரது கல்லறை பொகவந்தலாவையில் உள்ளது.

1871இல் மடொக்ஸ் என்னும் ஆங்கில வைத்தியர் செலற்றின் பூசிய உலர்தகட்டுக்கு வழிகாட்டினார். அடுத்த பத்தாண்டுக்குள் அத்தகடுகள் கடைகளில் விலைக்கு வந்தன. தகட்டை எடுத்துவைத்து ஆறுதலாக உருத்துலக்கலாம் என்ற நிலை ஏற்பட்டதும், உருத்துலக்கலே ஒரு தனிக் கலையாகப் போற்றப்படலாயிற்று. மங்கலான செவ்வொளியிலே தட்டின்மீது குனிந்து, பைரோ என்னும் மருந்தைச் சற்றே கூட்டியும் அமோனியாவைத் துளித்துளியாகச் சேர்த்தும், நிழலுக்கு வேண்டியதை நிழலுக்கும் வானத்துக்கு வேண்டியதை வானத்துக்கும் தன் விருப்பப்படி வகுத்தளிக்கலாம் எனக் கைதேர்ந்தவர் நம்பினர். தூரிகை பிடித்த ஓவியனுக்கு எவ்வித உரிமை உண்டோ, அவ்வித உரிமை தமக்கும் உண்டென்பது அவர்களின் எண்ணம்.

இவ்வெண்ணத்துக்கு வலிமைமிக்க வாதியாக விளங்கியவர் பீற்றர் ஹென்றி எமேர்சன். 1856இற் கியூபாவிற் பிறந்து, இங்கிலாந்தில் வைத்தியம் பயின்று, அதனை விட்டுக் கமராவை எடுத்தவர். நோர்போக்கின் நீர்நிலைகளையும், அங்கே நாணல் வெட்டியும் மீன் பிடித்தும் வாழ்ந்த மக்களையும் அவர் எடுத்த படங்கள் இன்றும் மதிக்கப்படுகின்றன. 1889இல் அவர் வெளியிட்ட 'இயற்கைநெறி ஒளிப்படக்கலை' என்னும் பொருள்படும் நூல், ஒளிப்படம் நுண்கலைகளுள் ஒன்றே என்று அடித்துக் கூறியது.

அடுத்த ஆண்டிலேயே அடி விழுந்தது. அதைக் கொடுத்தவர்கள் கலைஞரல்லர். விட்னஸ் என்னும் ஆலைப்பட்டினத்திற் காரத் தொழிற்சாலையோடு தொடர்புடைய இருவர். பேர்டினண்ட் ஹேர்ட்டர் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த இரசாயனவியலாளர். வீரோ சாள்ஸ் டிரிபீல்ட் எந்திரவியலாளர். இருவருக்கும் ஒளிப்படம் பொழுதுபோக்கு மாத்திரமே. ஓய்வு நேரங்களில் ஒரு மெழுகுவர்த்தியின் ஒளியை அளவுகோலாகக் கொண்டு, தகடுகளின் வெவ்வேறு பகுதிகளுக்கு வெவ்வேறளவு ஒளி காட்டி, உருத்துலக்கியபின் ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு கறுத்தது என்பதை அளந்தனர். ஒளியின் அளவைக் கிடைக்கோட்டிலும் கறுப்பின் அடர்த்தியை நிலைக்கோட்டிலும் குறித்தபோது ஒரு வளைகோடு கிடைத்தது. கால்போன்ற அடிப்பகுதி, நேராக ஏறும் நடுப்பகுதி, சாய்ந்து தணியும் தோட்பகுதி என்னும் உருவமுடைய அவ்வளைகோடு, இன்றும் பிலிம் செய்வோர் யாவரும் பயன்படுத்தும் அளவுக்கருவி.

1890இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையின் சாரம் கடுமையானது. தகட்டின் எப்பகுதி எவ்வளவு ஒளி பெற்றது என்பது கமராவின் மூடி திறந்து மூடிய அக்கணத்திலேயே முடிவாகிவிட்டது. நீண்ட நேரம் உருத்துலக்கினால் கறுப்பு கூடும். ஆனால் எல்லாப் பகுதிகளிலும் தத்தம் அளவுக்கு ஏற்பவே கூடும். பகுதிகளுக்கிடையேயுள்ள விகிதத்தை உருத்துலக்குபவன் தன் விருப்பப்படி மாற்ற முடியாது. பதம் பார்த்துத் துளித்துளியாக மருந்து சேர்த்த கைத்திறன் பெரும்பாலும் கற்பனையே என்பதுதான் இதன் பொருள். ஒளிப்படச் சங்கங்களிற் பெரும் எதிர்ப்பு எழுந்தது. வாழ்நாளெல்லாம் இருட்டறையிற் கழித்தவரிடம், ஆலையிலிருந்து வந்த இருவர் அட்டவணையோடு சென்று அவ்வாறு சொன்னால் வேறென்ன நிகழும்?

எமேர்சன் எதிர்க்கவில்லை. ஓர் ஓவியரோடு நிகழ்த்திய உரையாடலும் இந்த ஆராய்ச்சியும் சேர்ந்து அவருடைய உறுதியைக் குலைத்துவிட்டன. 1891ஆம் ஆண்டளவில் 'இயற்கைநெறி ஒளிப்படக்கலையின் மரணம்' என்னும் பொருள்பட, மரண அறிவித்தல்போற் கருங்கரையிட்ட சிறு பிரசுரமொன்றை வெளியிட்டு, ஒளிப்படம் கலையென்று தாம் கூறியதை மீட்டுக்கொண்டார். 1899இல் அவருடைய நூலின் மூன்றாம் பதிப்பு வெளிவந்தபோது, ஒளிப்படம் கலையன்று எனக் கூறும் அத்தியாயமொன்று அதிலே சேர்ந்திருந்தது. எமேர்சன் அவசரப்பட்டார் என்றே தோன்றுகிறது. ஹேர்ட்டரும் டிரிபீல்டும் உருத்துலக்கலாற் பயனில்லை என்று கூறினாரல்லர். நேரம் கூடக்கூட வளைகோடு செங்குத்தாக நிமிர்கிறது என்பதையும், அந்நிமிர்ச்சியை எண்ணால் அளக்கலாம் என்பதையும் அவர்களே காட்டினர். வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். வளைகோட்டின் காலை மட்டும் அதிகம் அசைக்க முடியாது. கருநிழல்கள் தங்குமிடம் அந்தக் கால்தான்.

இதற்கிடையில் வேலை வீட்டைவிட்டே போய்விட்டது. ஜோர்ஜ் ஈஸ்ற்மன் 1888இல் விற்பனைக்கு விட்ட கொடாக் கமராவின் விலை 25 டொலர். உள்ளே நூறு படங்களுக்கான சுருள். அது முடிந்ததும் கமராவையே றொச்செஸ்ரர் நகரிலிருந்த தொழிற்சாலைக்கு அனுப்பிவிடலாம். ஆர்வமுடையோர் மட்டுமே பழைய இருட்டறையை விடாது பற்றியிருந்தனர்.

மங்கிய ஒளிக்குப் புதிய வழி 1920களில் ஜேர்மனியிற் பிறந்தது. 1924இல் திறெஸ்டன் நகரிலிருந்து எர்மனொக்ஸ் என்னும் சிறிய கமரா வந்தது. அதன் வில்லை அக்காலத்துக்கு வியக்கத்தக்க அளவு அகன்றது. சட்டம் பயின்ற எரிக் சலமன் 1928இற் பேர்லின் நகரில் நடந்த வழக்கொன்றின்போது அக்கமராவைத் தொப்பிக்குள் மறைத்து எடுத்துச்சென்று படம் பிடித்தார். பின்னர் அரசியல் மாநாடுகளிலே அமைச்சர்கள் நள்ளிரவில் களைத்துச் சாய்ந்திருக்கும் நிலையையும், மின்வெட்டொளி எதுவுமின்றி அறைவிளக்கின் ஒளியிலேயே எடுத்தார். யூதராகிய அவர் 1944இல் ஒஷ்விற்ஸ் முகாமிற் கொல்லப்பட்டார். 1925இல் லைப்சிக் சந்தையில் அறிமுகமான லைக்கா கமரா, சினிமாப் பிலிமிலே சிறு படம் எடுக்க வழிசெய்தது. 1927இற் சினிமாப் பிலிமுக்கெனக் கொடாக் ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்ட டி-76 என்னும் உருத்துலக்கி வீட்டிருட்டறைகளிலும் நிலைகொண்டது. ஒரு லீற்றருக்கு 2 கிராம் மெற்றோல், 100 கிராம் சோடியம் சல்பைற்று, 5 கிராம் ஹைட்ரோகுவினோன், 2 கிராம் போராக்ஸ். தராசு இருந்தாற் சமையலறையிலே கலந்துகொள்ளலாம்.

1954இல் ட்ரை-எக்ஸ் என்னும் விரைவுப் பிலிம் சிறு கமராக்களுக்கேற்ற சுருளாக வெளிவந்தது. பத்திரிகைப் படப்பிடிப்பாளர் அதனையே பற்றிக்கொண்டு, இருண்ட அரங்குகளிலும் தெருக்களிலும் உறையிற் குறித்த எண்ணைப் புறக்கணித்து உயர்ந்த எண்களிற் படமெடுத்துப் புஷ் செய்யலாயினர். வேகத்தை இரட்டிக்கும் அற்புத மருந்துகள் என விளம்பரங்களும் பெருகின. இவற்றின் உண்மையை ஆராயப் புகுவோர் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. ட்ரை-எக்ஸ் வந்தபோது அதன் வேக எண் 200. 1960இல் அது 400 ஆயிற்று. பிலிமில் மாற்றமேதும் செய்யப்படவில்லை! ஒளி குறைந்து படம் கெட்டுவிடலாகாதென அமெரிக்க நியம நிறுவனத்தின் பழைய கணக்கிற் காவலாகச் சேர்த்திருந்த இரண்டரை மடங்கு 1960ஆம் ஆண்டின் புதிய நியமத்தில் ஏறத்தாழ 1.2 மடங்காகக் குறைக்கப்பட்டது, அவ்வளவுதான். ஆகவே 1950களில் இரட்டிப்பு வேகம் கண்டதாக மகிழ்ந்தவர் பலர், உண்மையிற் பிலிமினுள்ளே முன்னமே இருந்த சேமிப்பைத்தான் செலவழித்தனர்.

மருந்தால் எதுவும் ஆகாதென்பதுமில்லை. 1940இல் இல்பேர்ட் ஆய்வுகூடத்தில் உருத்துலக்கும் இயல்பு கண்டறியப்பட்ட பெனிடோன் என்னும் பொருளைக் கொண்ட மைக்குரோபென் போன்ற உருத்துலக்கிகள், நிழற் பகுதிகளிலும் சிறிதளவு கூடுதலாக விவரம் தருகின்றன. அதற்கு மேல் நேரத்தை நீட்டினால் மூன்று விளைவுகள் தொடரும். வெளிச்சப் பகுதிகள் நெகற்றிவிற் கன்னங்கரேலென்று அடைபடும். வெள்ளி மணிகள் பருத்துத் தெரியும். ஒளிபடாத மணிகளுங்கூடக் கறுக்கத் தொடங்கி மூட்டம் பரவும். இருந்தும் மங்கிய ஒளியில் இந்த முறையாற் பயன் உண்டு. முகத்தின் நடுத்தர ஒளியெல்லாம் வளைகோட்டின் கீழ்ப்பகுதிக்கு இறங்கிவிட, அதனை மேலே தூக்கி அச்சிடத்தக்க நிலைக்குக் கொண்டுவருவது அந்தச் செங்குத்தான ஏற்றமே. படமே இல்லாதிருப்பதிலும் நிழலிழந்த படம் ஒன்றிருப்பது மேல் எனக் கருதிய பத்திரிகையாளரைக் குறைகூற முடியாது.

இலக்கமுறைக் கமராக்கள் வந்தபின்பும் ட்ரை-எக்ஸ், எச்பி5 பிளஸ் ஆகிய பிலிம்கள் இன்னும் செய்யப்படுகின்றன; வீட்டுக் குளியலறைகளில் உருத்துலக்குவோரும் இருக்கின்றனர். நீர் சேர்க்காத மைக்குரோபெனில், 20 பாகை செல்சியஸ் வெப்பத்தில், எச்பி5 பிளஸ் பிலிமுக்கு 400க்கு ஆறரை நிமிடமும், 800க்கு 8 நிமிடமும், 1600க்கு 11 நிமிடமும், 3200க்கு 16 நிமிடமும் எனச் செய்தோரே அட்டவணை தருகின்றனர். கொழும்பு போன்ற வெப்பமான இடங்களிற் குழாய்நீர் 20 பாகைக்கு மேலேயே இருக்கும். பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்தில் தாங்கியை வைத்து வெப்பத்தைத் தணிக்காவிடின், சொன்ன நேரத்துக்கு முன்னரே வேலை முடிந்து, மூட்டமும் மணியும் மிஞ்சும்.

பதினோராம் நிமிடம் கடந்து, நிலைப்படுத்திக் கழுவிய பிலிமை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்கலாம். மண்டபத்து விளக்கு கரும்புள்ளியாக நிற்கும். பேசுபவரின் நெற்றியும் கன்னமும் கைவிரல்களும் தெளிவாக வந்திருக்கும். அவருடைய கறுப்புச் சட்டையின் மடிப்புகள் இருக்கவேண்டிய இடத்திலோ, விட்னஸ் நகரத்து இருவர் 1890இற் குறித்துவைத்தபடியே, ஏறத்தாழ வெறும் பிலிம் மட்டுமே ஒளி ஊடுருவக் கிடக்கும்.