ஜிப்சீஸ்: அரை நூற்றாண்டின் ஆட்டப்பாட்டு

ஜிப்சீஸ், இலங்கையின் மூத்த பொப், பைலா இசைக்குழுக்களில் ஒன்று. 1969இல் மொறட்டுவையைச் சேர்ந்த அன்டன் பெரேரா தம் பிள்ளைகளை வைத்துத் தொடங்கிய குடும்பக் குழு இது. அவருடைய மகன் சுனில் பெரேரா (1952–2021) கடைசிவரை அதன் முகமாகவும் குரலாகவும் இருந்தார். பாடல்கள் பெரும்பாலும் சிங்களம். ஆனாலும் கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் சுற்றுலா பஸ் இறம்பொடை நீர்வீழ்ச்சியருகே நிற்கும்போது, பின் ஆசனக்காரர் டோலக்கி தட்டிப் பாடுகிற பாட்டுகளில் ஜிப்சீஸ் பாட்டும் இருக்கும். சிங்களம் சரளமாகப் பேசாதவருக்கும் அதன் பல்லவி தெரியும்.

பின்னணி

பீட்டில்ஸ் அலை உலகைச் சுற்றிவந்த 1960களில் கொழும்பிலும் மின்கிட்டார்க் குழுக்கள் முளைத்தன. ஜெட்லைனர்ஸ் போன்றவை ஆங்கிலப் பாட்டுகளால் பெயர் வாங்கின. ஹப்புத்தளையில் பிறந்த கிளாரன்ஸ் விஜேவர்தனவும் அன்னஸ்லி மாலேவனவும் 1966இல் மூன்ஸ்டோன்ஸ் குழுவை அமைத்து, மின்கிட்டாரைச் சிங்களப் பாட்டுக்குக் கொண்டுவந்தனர். அந்தக் கதவு திறந்த சில ஆண்டுகளில் ஜிப்சீஸ் உள்ளே வந்தது.

அக்குழு கையிலெடுத்த பைலாவின் வேர் இன்னும் பழையது. 1505இல் கரையிறங்கிய போர்த்துக்கீசரும், ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட காபிரி மக்களும் விட்டுச்சென்ற ஆட்ட இசை அது. பொலிஸ்காரரான வொலி பஸ்டியன் அதற்குச் சிங்களச் சொற்களைப் பொருத்தினார். எம். எஸ். பெர்னாண்டோ அதை ஊரெங்கும் பரப்பினார்.

பாடல்களும் எள்ளலும்

பைலாவின் தாளத்தில் ஒரு சுற்றுக்கு ஆறு அடி, அவை மும்மூன்றாகப் பிரியும். கேட்பவர் இரண்டுமுறை கைதட்டுவதற்குள் டிரம் ஆறுமுறை ஒலித்துவிடும். கால் சும்மா நிற்காததற்குக் காரணம் இதுதான். தப்படிக்கு ஆடிப் பழகிய தோட்டத்து இளைஞருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவே தேவையில்லை. நிகழ்ச்சியின் கடைசியில் ‘நொன்ஸ்டொப்’ வரும்போது ஒரு பாட்டு முடியுமுன் அடுத்தது தொடங்கிவிடுவதால் ஆடுகிறவர் உட்கார இடமிருக்காது.

கிணற்றடிச் சந்திப்பைப் பாடும் ‘லிந்த லங்க சங்கமய’ தொடக்ககால வெற்றி. பின்னர் ‘சிக்னோரே’, ‘அங்கிள் ஜோன்சன்’, ‘குருமிட்டோ’, ‘லுனு தெஹி’ எனப் பட்டியல் நீண்டது. ‘ஐ டோன்ட் நோ வை’ நாட்டின் கோளாறுகளையும் அதிகாரத்தில் இருப்போரையும் நேராகவே கேள்வி கேட்டது. மேடைப் பேச்சாளர் சொன்னால் கட்சிச் சண்டையாகிவிடும் விஷயத்தைச் சுனில் கல்யாண வீட்டு ஆட்டத்துக்குள் நுழைத்தார். ஆடி முடித்த பிறகுதான் பலருக்கு அது உறைத்தது. தொலைக்காட்சிப் பேட்டிகளிலும் அரசியல், சமூகப் போலித்தனம் பற்றி அவர் பூசி மெழுகாமல் பேசினார். அதனால் அவரை விரும்பியவர்களும் திட்டியவர்களும் நிறைய.

தமிழ்ப் பொப் இசை

இதே காலத்தில் ஈழத்துத் தமிழிலும் பொப் பாட்டு எழுந்தது. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. ஏ. ஈ. மனோகரன் ‘சுராங்கனி’யைச் சிங்களமும் தமிழும் கலந்து பாடிக் கடல் தாண்டிப் புகழ்பெற்றார், ‘அவர் எனக்கே சொந்தம்’ (1977) படத்தில் இளையராஜாவின் இசையில் அந்தப் பாட்டைத் தமிழ்நாடும் கேட்டது. தோட்டத்து லயங்களுக்கு இவையெல்லாம் இலங்கை வானொலி வழியாக வந்தன. தமிழ்ப் பொப், சிங்களப் பைலா என்று அங்கே யாரும் பிரித்து வைக்கவில்லை. திருவிழா மேடையிலும் கல்யாண வீட்டிலும் இரண்டுமே ஓடின. மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார்.

பிற்காலம்

பலமுறை ஆட்கள் மாறியும் ஜிப்சீஸ் பெயர் மாறவில்லை. புலம்பெயர்ந்த இலங்கையர் வாழும் நாடுகளுக்கும் குழு சென்று பாடியது. கொரோனாத் தொற்றைத் தொடர்ந்த உடல்நலக் குறைவால் 2021 செப்டெம்பர் 6 அன்று தமது 68ஆம் வயதில் சுனில் காலமானார். பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகள் இருந்ததால் இரசிகர்கள் திரண்டு விடைகொடுக்க வழியிருக்கவில்லை. அவருடைய தம்பி பியல் பெரேரா பொறுப்பேற்றுக் குழுவைத் தொடர்ந்து நடத்தினார்.