நட்டம் யாருக்கு, காப்பீடு யாருக்கு?

தச்சநல்லூரிலிருந்து மதுரை சாலையில் வடக்கே போனால் கங்கைகொண்டான். இன்று சிப்காட்டுக்காகப் பேசப்படும் அந்த ஊருக்கு இன்னொரு வரலாறும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916 வாக்கில் தன் மாணவர்களை ஊர்களுக்கு அனுப்பி நிலம், கூலி, கடன், விளைச்சல் பற்றி விசாரித்து எழுதச் சொன்னார். 1918-ல் நூலாக வந்த அந்த ஆய்வில் கங்கைகொண்டானும் இடம்பெற்றது.

தோழர்களே, இப்படிப்பட்ட ஆய்வுகளைப் படிக்கும்போது நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பயிர் போனால் நட்டம் யார் தலையில்?

தாமிரபரணிப் பாசன வயல்களில் வாரமும் இருந்தது, கட்டுக்குத்தகையும் இருந்தது. வாரத்தில் விளைச்சலைப் பங்கு போடுவார்கள். பயிர் அழிந்தால் நிலக்காரருக்கும் அடி விழும். கட்டுக்குத்தகையில் விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய நெல்லை அளந்தாக வேண்டும். ஆபத்து முழுவதும் உழுதவருக்கு. அவருக்கும் கீழே அறுப்புக் கூலிக்காரர். அறுப்பு இல்லையென்றால் கொத்து நெல்லும் இல்லை. சேரியின் அந்தப் பட்டினியை யாரும் 'பயிர் நட்டம்' என்று எழுதவில்லை.

காப்பீட்டின் கதையும் இதே வழியில்தான் வந்தது. 1920-லேயே மைசூரின் ஜே. எஸ். சக்கரவர்த்தி மழைக் காப்பீட்டுக்குத் திட்டம் எழுதினார். 1985-ல் நாடு தழுவிய திட்டம் வந்தபோது அது பயிர்க்கடனோடு கட்டப்பட்டது. வங்கிக் கடன் இல்லாதவருக்கு அதில் இடமில்லை. 1999-ல் வந்த அடுத்த திட்டம் கடன் வாங்காதவர்களுக்கும் கதவைத் திறந்தது. 2016-ன் பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் குத்தகைதாரரும் சேரலாம் என்கிறது. ஆனால் சேர்வதற்கு அடங்கல் வேண்டும், குத்தகைக்குச் சான்று வேண்டும். வாய்ப்பேச்சில் குத்தகை எடுத்தவர் எந்தத் தாளை நீட்டுவார்?

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்திய சாகுபடிப் பரப்பில் பட்டியல் சாதியினர் கையில் இருப்பது 9 விழுக்காட்டுக்கும் குறைவு. மக்கள்தொகையிலோ நாம் 16.6 விழுக்காடு. நிலத்தைக் காப்பீடு செய்யும் திட்டம், நிலமற்றவரை வெளியே நிறுத்தித்தான் தொடங்குகிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களை மூழ்கடித்தது. அது பிசானப் பருவம். வயலோடு சேர்ந்து களையெடுப்பு, அறுப்பு வேலைகளும் போயின. போன வயலுக்காவது கணக்கெடுக்க முறை இருக்கிறது. போன வேலை நாட்களுக்கு இழப்பீடு தரும் பிரிவு பயிர்க் காப்பீட்டில் கிடையாது.

குத்தகை உரிமையைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் 1969 முதலே சட்டம் இருக்கிறது. அதை உயிர்ப்பிக்கக் கேட்போம். இழந்த கூலிக்கும் இழப்பீடு கேட்போம்.

அதற்கு முன் ஒரு வேலை. ஸ்லேட்டரின் மாணவர்கள் போனதுபோல நாமும் அவரவர் ஊருக்குப் போவோம். யார் உழுதார், அடங்கலில் யார் பெயர், பணம் யார் கணக்கில் விழுந்தது? இந்த மூன்றையும் எழுதி வருவோம். நம் கணக்கை நாமே எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை.