எண்ணெய் குடிக்கும் ஆயில் எஞ்சின் - ஒரு சிறு வரலாறு

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் பிரம்மதேசம் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் உண்டு. பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட பிரம்மதேய நிலங்களின் பெயரே ஊர்ப்பெயராக நின்றுவிட்டதால் வந்த குழப்பம் இது. வரலாறு படிப்பவர்களுக்கு எண்ணாயிரம், எசாலம் அருகில் சோழர் காலக் கோயில்களோடு இருக்கும் பிரம்மதேசம்தான் முதலில் நினைவுக்கு வரும். சோழர் கல்வெட்டுகளில் நந்தா விளக்கு எரிய 90 ஆடு, 96 ஆடு என்று கொடுத்த கணக்கைப் பார்க்கிறோம். அது விளக்குக்கான நெய். இந்தக் கட்டுரை எரியக் கூடாத ஓர் எண்ணெயைப் பற்றியது. அதாவது, தேய்ந்துபோன ஆயில் எஞ்சினுக்குள் ஊற்றும் எஞ்சின் ஆயில்!

ஏற்றமும் கவலையும் இறைத்த கிணறுகளில் எஞ்சின் வந்து உட்கார்ந்தது சென்ற நூற்றாண்டில்தான். இங்கிலாந்தின் டர்ஸ்லி என்ற ஊரில் இருந்த லிஸ்டர் கம்பெனி 1930 வாக்கில் ஒரு மெதுவாக ஓடும் டீசல் எஞ்சினைக் கொண்டு வந்தது. பெரிய சக்கரம், ஒற்றை சிலிண்டர், நிமிடத்துக்கு சுமார் 600 சுற்று. அதே மாதிரியைப் பிற்காலத்தில் குஜராத்தின் ராஜ்கோட் பட்டறைகள் ஆயிரக்கணக்கில் செய்து தள்ளின. 1946-இல் புனேயில் தொடங்கிய கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் இன்னொரு பக்கம் வேகமாக ஓடும் சின்ன எஞ்சின்களைக் கொடுத்தது. மல்லாட்டை, கரும்பு, நெல் என்று பயிர் வைத்த நம் பக்கத்து விவசாயிக்கு மின் இணைப்பு வரும்வரை இவைதான் கதி.

இந்த எஞ்சின்கள் சாவதே இல்லை. ஆனால் தேயும். லைனர் தேய்ந்து, பிஸ்டன் ரிங் இளகிவிட்டால், சுவரில் வழித்து விட வேண்டிய ஆயில் மேலே ஏறி டீசலோடு சேர்ந்து எரியும். புகைபோக்கியில் நீலப் புகை வரும். "எஞ்சின் ஆயில் அடிக்குது" என்பார்கள். பயிர் பொதி வாங்கும் நேரத்தில் எஞ்சினைப் பிரித்துப் போட்டால் தண்ணீருக்கு எங்கே போவது? அறுவடை வரைக்கும் எந்த ஆயிலை ஊற்றி ஓட்டுவது என்பது ஒரு போகத்தையே தீர்மானிக்கும் கேள்வி. அமெரிக்காவில் புல்வெட்டும் வண்டியில் உட்கார்ந்து போகிறவருக்கும் இதே கேள்விதான். அவருக்குப் புல் கொஞ்சம் வளர்ந்துவிடும், அவ்வளவே.

ஆயிலை எரிப்பதே வேலையாகக் கொண்ட எஞ்சின்களும் ஒரு காலத்தில் இருந்தன. முதல் உலகப் போர் விமானங்களின் சுழல் எஞ்சின்களில் பெட்ரோல் கலவை கிராங்க் பெட்டி வழியாகவே போகும். சாதாரண ஆயிலைப் பெட்ரோல் கரைத்துவிடும். விளக்கெண்ணெய் அப்படி எளிதில் கரையாது. அதனால் விளக்கெண்ணெயை ஊற்றினார்கள். அது திரும்பி வராது, புகையாக வெளியே போய்விடும். ஓட்டியவர்கள் அதைச் சுவாசித்து வயிறு கலங்கிய கதைகள் ஏராளம்! அந்தத் தேவைக்காக அமெரிக்கா இந்தியாவிலிருந்து ஆமணக்கு விதை தருவித்துப் பயிரிட்டது. காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான்.

பிறகு பெட்ரோலிய ஆயில் வந்தது, கூடவே எண்களும் வந்தன. எஸ்.ஏ.இ. என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கம் 1911-இல் முதல் ஆயில் விதிகளை வெளியிட்டது. 1920-களில் கெட்டித்தன்மைக்கு 20, 30, 40 என்று எண் கொடுத்தது. நம் கடைகளில் "நாற்பதாம் நம்பர் ஆயில்" என்று கேட்பது அந்த எண்ணைத்தான்.

என்னைப் பொறுத்தவரை இந்த வரலாற்றில் முக்கியமான ஆண்டு 1935. கேட்டர்பில்லர் டீசல் டிராக்டர்களில் பிஸ்டன் ரிங்குகள் கரி பிடித்து ஒட்டிக்கொண்டன. ஒட்டிய ரிங் ஆயிலை வழிக்காது. இரும்பை மாற்றாமல், ஆயிலிலேயே சோப்பு போல் கழுவும் மருந்தைக் கலந்தார்கள். கலிபோர்னியாவின் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனி இதற்கென்றே டெலோ என்ற ஆயிலைக் கொண்டு வந்தது. இன்றைய டீசல் ஆயில்கள் எல்லாம் அதன் வாரிசுகள். ஆயில் குடிக்கும் எஞ்சின் எல்லாமே தேய்ந்த எஞ்சின் இல்லை. சிலவற்றில் ரிங் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். அதனால் கெட்டி ஆயிலைத் தேடும் முன் நல்ல டீசல் ஆயிலை மாற்றிக் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்ப்பது நல்லது. பழைய அழுக்கு கரைந்து வரும் என்பதால் அந்த ஆயிலைச் சீக்கிரமே வடித்துவிட வேண்டும். பிரீதர் அடைத்திருக்கிறதா, அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறதா, ஒழுகுகிறதா என்பதையும் முதலில் பார்த்துவிடுங்கள்.

உண்மையிலேயே தேய்ந்திருந்தால் 30-க்குப் பதில் 40 போடலாம். 15டபிள்யூ-40 போன்ற மல்டிகிரேடு ஆயில் குளிர் நாட்டுக்காக வந்தது. அதில் அடிப்படை ஆயில் மெலிதாக இருக்கும். பாலிமர் சேர்த்துக் கெட்டியாக்கியிருப்பார்கள். சூட்டில் மெலிந்த பகுதி ஆவியாகும், பாலிமரும் நாளாக ஆக அறுபடும். புல்வெட்டி எஞ்சின் செய்யும் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டனே, 27 டிகிரிக்கு மேல் 10டபிள்யூ-30 ஊற்றினால் ஆயில் செலவு கூடலாம் என்று கையேட்டில் சொல்கிறது. திண்டிவனத்தில் 27 டிகிரி என்பது குளுமையான நாள்! ஆகவே பழைய எஞ்சினுக்கு ஒற்றை எண் 40 இன்னும் பொருத்தமானதே.

சிலர் "தொண்ணூறு நம்பர்" கியர் ஆயிலைக் கலப்பார்கள். 40-ஐ விட இரண்டு மடங்குக்கு மேல் கெட்டி என்ற நினைப்பு. கியர் ஆயிலுக்கு எண் வரிசையே வேறு. கியர் ஆயில் 90-இன் கெட்டித்தன்மை ஏறக்குறைய எஞ்சின் ஆயில் 40, 50 அளவுதான். கழுவும் மருந்து அதில் கிடையாது, எரிந்தால் கரி மிச்சம். இன்னும் கெட்டியாக எதையாவது போட்டால் ஹேண்டில் சுற்றவே கை வலிக்கும். உள்ளே ஆயிலை வாரி இறைக்கும் கரண்டி உள்ள எஞ்சின்களில், கெட்டி ஆயில் மேலே போய்ச் சேருவதற்குள் பேரிங் உலர்ந்து ஓடும்.

ஒரு கணக்கு. எஞ்சின் மணிக்கு 100 மில்லி குடித்தால், ஆறு மணி நேர இறைப்புக்கு 600 மில்லி. பத்து நாளில் ஆறு லிட்டர். அந்தப் பணத்தை ரீபோர் கூலியோடு ஒப்பிட்டால் எத்தனை நாள் இழுக்கலாம் என்று தெரிந்துவிடும். ஊற்றி ஓட்டும் நாட்களில் டிப் ஸ்டிக்கைத் தினமும் பார்க்க வேண்டும்; தேய்ந்த எஞ்சினைவிட ஆயில் வற்றிய எஞ்சின் சீக்கிரம் இறுகும்.

1990-இல் விவசாயத்துக்கு மின்சாரம் எல்லோருக்கும் இலவசமான பிறகு ஆயில் எஞ்சின்கள் கொட்டகை மூலைக்குப் போய்விட்டன. ஆனாலும் பழைய இரும்புக்குப் போடாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையேறி, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. கம்பம் சாய்ந்து மின்சாரம் போனால், வயலில் நிற்கும் தண்ணீரை இறைக்க அந்தப் பழைய எஞ்சின்தான் துணை. அதுவே வெள்ளத்தில் மூழ்கியிருந்தால் 30-ஆ 40-ஆ என்ற கேள்விக்கு முன் ஆயிலின் நிறத்தைப் பார்க்க வேண்டும். பால் போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது. ஸ்டார்ட் செய்யாமல், முழுவதையும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றிய பிறகே ஹேண்டிலைத் தொட வேண்டும்.