கல்லும் பெயரும்: சிங்கப்பூர் யூதர் இடுகாட்டின் சரித்திரம்

சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயிலுக்குச் செல்லும் நம்மவர், அதன் அருகே பிரியும் பெலிலியோஸ் சாலை யார் பெயரால் வழங்குகிறதென எண்ணியதுண்டா? கல்கத்தாவினின்று வந்து மாட்டு வாணிகத்தால் பொருளீட்டிய யூதர் ஒருவரின் பெயரே அது. தேக்காவை அடுத்த சிலிகி சாலையும் மிடில் ரோடும் ஒரு காலத்தில் யூதர் செறிந்து வாழ்ந்த பகுதிகளாகும். 1928-ஆம் ஆண்டின் டேவிட் எலியாஸ் கட்டடத்தில் அவர்தம் ஆறுமுனை விண்மீன் இன்றும் விளங்குகின்றது.

இவர்களுட் பெரும்பாலோர் பாக்தாத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர். நம்மைப்போலவே இந்தியத் துறைமுகங்களிலிருந்து கப்பலேறி வந்தவர். 1878-ஆம் ஆண்டில் வாட்டர்லூ வீதியில் தொழுகைக் கூடத்தைத் திறந்தனர். அதற்கு முன்னரே, இறந்தோர்க்கென ஆர்ச்சர்ட் சாலையருகே நிலம் பெற்றிருந்தனர். அந்நிலம் போதாதபோது, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாம்சன் சாலையில் மற்றோர் இடுகாடு அமைத்தனர்.

இடுகாட்டை ‘வாழ்வின் வீடு’ என்பது எபிரேய வழக்கு. செல்வனாயினும் வறியனாயினும் உடலுக்கு ஒரே எளிய வெள்ளாடைதான். கல்லறையைக் காண வருவோர் சிறு கல்லொன்றை வைத்துச் செல்வர். புதைத்த உடலைத் தக்க காரணமின்றி அசைத்தல் அவர்கள் சமய விதிப்படி ஆகாது.

ஆயினும் அசைக்கும் நாள் வந்தது. 1980-களில் பெருவிரைவு இரயில் பாதைக்காக அரசாங்கம் அவ்விரு இடங்களையும் எடுத்துக்கொண்டது. எலும்புகளை அகழ்ந்தெடுத்துச் சுவா சூ காங் யூதர் இடுகாட்டில் மீண்டும் அடக்கம் செய்தனர். 1987-ஆம் ஆண்டில் டோபி காட், நொவீனா நிலையங்கள் திறக்கப்பட்டன. சிங்கப்பூரின் முதல் முதலமைச்சராயிருந்த டேவிட் மார்ஷல் 1995-இல் மறைந்தபோது சுவா சூ காங்கிலேயே அடங்கினார்.

நிலம் போயிற்று; பெயர் போகவில்லை. ஒருசில நூறு பேரேயான சமூகம் தன் முன்னோரை மறவாதிருந்ததற்குக் காரணம், இன்னார் இங்கே உறங்குகிறார் என்று கல்லில் எழுதி வைத்ததே.

நம் நிலை யாது? நடுகல் நாட்டிப் போற்றிய மரபினர் நாம். ஆனால், 1942, 1943-ஆம் ஆண்டுகளில் சயாம் மரண இரயில் பாதைக்கு ஜப்பானியர் கொண்டுசென்ற மலாயாத் தோட்டத் தமிழருள் பல்லாயிரவர் மாண்டனர். காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்வீரர்க்குப் பெயர் பொறித்த கற்கள் வரிசையாய் நிற்கின்றன. நம்மவரோ பெயரின்றிக் காட்டில் கிடக்கின்றனர். தோட்டங்கள் கைமாறி வீட்டு மனைகளாகும்போது, அவற்றின் இடுகாடுகளும் மறைகின்றன.

நிலத்தைக் காப்பது நம் கையில் இல்லாதிருக்கலாம்; சிங்கப்பூரில் 1998 முதல் அடக்க காலமே 15 ஆண்டுதான். பெயரைக் காப்பதற்கு எவர் தடை? தோட்டத்து முதியோர் உயிரோடிருக்கும்போதே, இறந்தோரின் பெயர், பிறந்த ஊர், மறைந்த ஆண்டு ஆகியவற்றைக் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்திலேனும் எழுதி வைப்போமாக.