நாங்கோம் பாலா தேவி

நாங்கோம் பாலா தேவி (பிறப்பு: 2 பிப்ரவரி 1990) மணிப்பூரைச் சேர்ந்த கால்பந்து வீராங்கனை. இந்திய மகளிர் அணியின் முன்களத்தில் ஆடியவர், அணித் தலைவராகவும் இருந்தவர். 2020 ஜனவரி 29 அன்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலுள்ள ரேஞ்சர்ஸ் கழகம் அவரைப் பதினெட்டு மாத ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டது. ஐரோப்பியக் கழகம் ஒன்றோடு தொழில்முறை ஒப்பந்தம் செய்துகொண்ட முதல் இந்தியப் பெண் இவரே. முப்பது வயது நிறைய அப்போது நான்கு நாட்களே இருந்தன. இவருடைய ஆட்ட வாழ்வை எழுதும் எவரும் இந்த வயதைக் கவனிக்காமல் போக முடியாது.

பிஷ்ணுபூர் மாவட்டத்தின் இரெங்பாம் கிராமத்தில் பையன்களோடு ஆடித்தான் பாலா தேவி கால்பந்து கற்றார். 2002-இல் மணிப்பூரின் 19 வயதுக்குட்பட்டோர் அணியில் இடம் கிடைத்தபோது அவருக்கு வயது பன்னிரண்டு. 2005-இல், பதினைந்து வயதில், இந்திய அணிக்குள் வந்தார். மணிப்பூர் காவல்துறையில் வேலை கிடைத்தது. அன்று பெண்கள் கால்பந்தை மட்டும் நம்பி வாழ முடியாது. காவல்துறை வேலைதான் மாதச் சம்பளத்துக்கும் பயிற்சிக்கும் ஆதாரம்.

தெற்காசிய மகளிர் கோப்பை 2010-இல் தொடங்கியது. முதல் நான்கு முறையும் (2010, 2012, 2014, 2016) இந்தியாவே வென்றது. 2014-இல் இஸ்லாமாபாத்தில் நடந்த போட்டியில் பாலா தேவி ஒருவரே 16 கோல்கள் அடித்தார். 2014, 2015 இரண்டு ஆண்டுகளும் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் சிறந்த வீராங்கனை விருது அவருக்கே. நாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று கூட்டமைப்பே இரண்டு முறை அறிவித்த அந்த ஆண்டுகளில் பெண்களுக்கென்று ஒரு தேசிய லீக் இந்தியாவில் இல்லை. இந்திய மகளிர் லீக் 2016-17 சீசனில்தான் பிறந்தது. ஒரு முன்கள ஆட்டக்காரரின் கால்கள் மிக வேகமாக ஓடும் வயதை அவர் மாநிலப் போட்டிகளிலும் எப்போதாவது கூடும் தேசிய முகாம்களிலும் கழிக்க வேண்டியிருந்தது. இந்தியக் கால்பந்து நிர்வாகம் பெண்களுக்குச் செய்த பெரிய அநியாயம் இது.

லீக் வந்ததும் அவர் ஆட்டம் என்னவென்று நாடே பார்த்தது. 2017-18, 2018-19 இரண்டு சீசன்களிலும் அதிக கோல் அடித்தவர் அவர்தான். 2018-19-இல் மணிப்பூர் காவல்துறை அணிக்காக 26 கோல்கள். அந்த அணி இறுதிப் போட்டி வரை வந்தது. 2019 மே 22 அன்று லூதியானாவில் அதை 3-1 என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது மதுரையின் சேது எஃப்.சி.

அந்தச் சேது அணியின் நடுக்களத்தில் ஆடியவர் கடலூரின் இந்துமதி கதிரேசன். இந்திய அணிக்கு இந்துமதியை மட்டுமன்றி, பண்ருட்டிப் பக்கத்திலிருந்து சந்தியா ரங்கநாதனையும் கொடுத்த மாவட்டம் கடலூர். 2018-இல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று வென்று தமிழ்நாடு முதன்முறையாக தேசிய மகளிர் சாம்பியன் ஆனபோதும் இந்துமதி களத்தில் இருந்தார். அவரும் காவல்துறைக்காரர், 2020 பொதுமுடக்கத்தின்போது சென்னை அண்ணாநகரில் உதவி ஆய்வாளராகச் சாலையில் நின்று பணி செய்தார். மணிப்பூரிலும் கடலூரிலும் ஒரே கதைதான்: பந்து ஆடத் தெரிந்த பெண்ணுக்குச் சோறு போட்டது காக்கிச் சட்டை.

ரேஞ்சர்ஸ் வாய்ப்பு பெங்களூரு எஃப்.சி. வழியாக வந்தது. இரு கழகங்களுக்கும் இடையே ஒத்துழைப்பு ஒப்பந்தம் இருந்தது. 2019 நவம்பரில் பாலா தேவி கிளாஸ்கோ சென்று தகுதிச் சோதனையில் ஆடினார். அடுத்த மாதமே நேபாளத்தின் பொக்காராவில் தெற்காசிய விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டம். இந்தியா நேபாளத்தை 2-0 என்று வென்றது, இரண்டு கோலும் அவருடையவை. ரேஞ்சர்ஸ் அவருக்குக் கொடுத்தது 10-ஆம் எண் சட்டை. அணியின் முக்கியமான ஆட்டக்காரருக்குத்தான் அந்த எண்ணைக் கொடுப்பார்கள் என்பது கால்பந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

அவர் போய்ச் சேர்ந்த ஸ்காட்லாந்தும் பெண்களைத் தாமதமாகவே ஏற்றுக்கொண்ட நாடு. பெண்கள் கால்பந்தை அங்குள்ள சங்கம் அங்கீகரித்தது 1974-இல்தான். 1955-இல் பிறந்த ரோஸ் ரெய்லி, ஊரில் பிழைக்க வழியில்லாமல் முதலில் பிரான்சின் ரீம்ஸ் அணிக்கும் பிறகு இத்தாலியின் மிலான் அணிக்கும் போனார். இறுதியில் இத்தாலி தேசிய அணிக்காகவே ஆடினார். பின்வந்த தலைமுறையிலும் நல்ல ஆட்டக்காரர்கள் வெளியேதான் போனார்கள். கிம் லிட்டில் அமெரிக்காவின் சியாட்டில் அணிக்கு ஆடி 2014-இல் அமெரிக்க மகளிர் லீக்கின் மிக மதிப்புமிக்க வீராங்கனை ஆனார். கரோலின் வியர் 2022-இல் ரியல் மாட்ரிட் சென்றார். பாலா தேவி ஒப்பந்தமான காலத்தில்தான் ரேஞ்சர்ஸ் தன் மகளிர் அணியில் உண்மையான பணம் போடத் தொடங்கியிருந்தது.

சீசன் தொடங்கிய வேகத்தில், 2020 மார்ச்சில், கொரோனா எல்லாவற்றையும் நிறுத்தியது. லீக் மீண்டும் தொடங்க அக்டோபர் ஆயிற்று. டிசம்பர் 6 அன்று மதர்வெல் அணிக்கு எதிரான ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கி, முடிய சில நிமிடங்களே இருக்கையில் பாலா தேவி வலையைக் கண்டார். ரேஞ்சர்ஸ் 9-0 என்று வென்ற ஆட்டம் அது. ஏற்கெனவே தோற்றுவிட்ட எதிரணிக்கு எதிரே அடித்தது என்பதால் அந்த கோலின் எடை குறையாது: ஐரோப்பாவின் முதல்நிலை லீக் ஒன்றில் தொழில்முறையாக ஆடிய இந்தியப் பெண் அடித்த முதல் கோல் அது. கிளாஸ்கோவில் அவர் நிறைய கோல் அடிக்கவில்லை என்பவர்கள், பதினெட்டு மாதத்தில் அரை ஆண்டுக்கு மேல் களமே பூட்டிக் கிடந்ததையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். கூட்டமைப்பு 2020-21-க்கான சிறந்த வீராங்கனை விருதை மூன்றாம் முறையாக அவருக்கே வழங்கியது.

பிறகு முழங்கால் காயம். 2022 ஜனவரியில் மகாராஷ்டிரத்தில் நடந்த ஆசியக் கோப்பையில் அவர் ஆடவில்லை. இந்திய அணியும் முகாமில் கொரோனா பரவியதால் ஒரே ஆட்டத்தோடு விலக நேர்ந்தது. முப்பதைத் தாண்டிய முன்கள ஆட்டக்காரர் இத்தகைய காயத்துக்குப் பிறகு திரும்புவது அரிது. பாலா தேவி திரும்பினார். 2024 அக்டோபரில் காத்மாண்டுவில் தெற்காசியக் கோப்பையில் பாகிஸ்தானை 5-2 என்று இந்தியா வென்ற ஆட்டத்தில் அவர் அடித்தது, சர்வதேச ஆட்டங்களில் அவருடைய ஐம்பதாவது கோல். இந்திய மகளிர் கால்பந்தில் அந்த எண்ணை முதலில் தொட்டவர் அவர்.

வெளிநாட்டுக் களத்தை அவருக்கு முன்னே சிலர் பார்த்திருந்தார்கள். 2014-இல் மாலத்தீவின் நியூ ரேடியன்ட் அணிக்கு மணிப்பூரின் மூத்த வீராங்கனை பெம்பெம் தேவி ஆடினார்; 2015-இல் கோல்காப்பாளர் அதிதி சவுகான் இங்கிலாந்தில் வெஸ்ட் ஹாம் அணியில் இருந்தார். பாலா தேவிக்குப் பின் கதவு சற்று அகலமாகத் திறந்தது. 2022-இல் டாங்மெய் கிரேஸ் உஸ்பெகிஸ்தானுக்கும், சௌம்யா குகுலோத்தும் ஜோதி சவுகானும் குரோவேஷியாவின் டினாமோ சாக்ரெப் அணிக்கும் போனார்கள். பஞ்சாபின் மனிஷா கல்யாண் சைப்ரஸின் அப்பொல்லான் அணியில் சேர்ந்து, அதே ஆண்டு ஆகஸ்டில் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய முதல் இந்தியப் பெண் ஆனார். பாலா தேவிக்கு 29 வயதில் கிடைத்த ஐரோப்பிய ஒப்பந்தம் மனிஷாவுக்கு 20 வயதிலேயே கிடைத்தது.