அயலிருக்கை ஆசான்: பொறியியல் போதனையில் ஒரு மாறுதலின் வரலாறு

மாணவன் மாணவனுக்குக் கற்பித்தல் என்றதும் நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை நினைவுக்கு வருவது இயல்பே. சென்னை எழும்பூரிலிருந்த ஆண் அநாதைச் சிறுவர் விடுதியில் 1789 முதல் பணிபுரிந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், மணலில் விரலால் எழுதிப் பயிலும் இந்நாட்டுச் சிறுவரைக் கண்டு, முன்னேறிய சிறுவரைக் கொண்டே மற்றவருக்குப் போதிக்கும் ஏற்பாட்டை வகுத்து, 1797-ல் அதனை நூலாக வெளியிட்டபின், அது ‘மதராஸ் முறை’ என்றே இங்கிலாந்தில் பிரசித்தி பெற்றது. ஆயினும், இக்காலச் சர்வகலாசாலைகளின் பொறியியல் வகுப்புகளில் பரவிவரும் முறையை அதன் சந்ததியாகக் கொள்ளுதல் பொருந்தாது. சட்டாம்பிள்ளை தான் அறிந்த பாடத்தை ஒப்புவிக்கச் செய்தான்; இங்கோ, அயலிருக்கையர் இருவரும் ஐயமுற்ற ஒன்றையே தர்க்கித்துத் தெளிகின்றனர்.

அமெரிக்காவில் மினசோட்டா சர்வகலாசாலையின் கார்ல் ஸ்மித், ஜான்சன் சகோதரர்களுடன் சேர்ந்து, கூட்டுறவுக் கற்றலைப் பொறியியல் ஆசிரியர்களுக்கு 1981-லேயே எடுத்துரைத்தார். வட கரோலினாவில் ரிச்சர்ட் ஃபெல்டர் 1990 முதல் ஒரே மாணவர் கூட்டத்துக்கு ரசாயனப் பொறியியல் பாடங்கள் ஐந்தினை அடுத்தடுத்து இவ்வழியிலேயே நடத்தினார். எனினும், என் அபிப்பிராயத்தில், பிரசங்க முறையின் அஸ்திவாரத்தை அசைத்தது எந்தக் கல்விச் சித்தாந்தமும் அன்று. எளிய வினாக்கள் அடங்கிய ஒரு பரீட்சையே.

அரிஸோனாவில் ஹலூன், ஹெஸ்டெனிஸ் என்னும் இருவர் 1985-ல் வெளியிட்ட ஆய்வு, ஒரு பருவம் முழுதும் பௌதிகம் பயின்ற பின்னும் இயக்கத்தைப் பற்றிய மாணவரின் பழைய எண்ணங்கள் பெரும்பாலும் மாறாதிருப்பதைக் காட்டிற்று. ஹார்வர்டில் 1984 முதல் கற்பித்து, மாணவரின் பாராட்டையும் குறைவின்றிப் பெற்றுவந்த எரிக் மாஸூர், தம் வகுப்பில் அப்படி இராது என்ற நம்பிக்கையோடு அத்தகைய வினாக்களை 1990-ல் கொடுத்துப் பார்த்தார். நீங்கள் கற்பித்தபடி விடை எழுதுவதா, நாங்கள் உள்ளபடி நினைப்பதை எழுதுவதா என்று ஒரு மாணவி வினவினாளாம். அவ்வொரு கேள்வியிலேயே அத்தனை ஆண்டுப் பிரசங்கத்தின் குறையும் வெளிப்பட்டுவிட்டது. கிர்க்காஃப் விதிகளைக் கொண்டு மின்சுற்றுக் கணக்குகளைப் பிழையின்றிப் போட்டவர்களே, ஒரு விசையை மூடினால் எந்த விளக்கு மங்கும், எது பிரகாசிக்கும் என்று கேட்டபோது தடுமாறினர். மாஸூர் கரும்பலகையில் விளக்கினார், அவர்கள் முகம் தெளியவில்லை, மீண்டும் விளக்கினார், குழப்பமே மிகுந்தது. வேறு வழி தோன்றாமல், உங்களுக்குள் பேசிப் பாருங்கள் என்று விட்டுவிட, வகுப்பெங்கும் சம்பாஷணை எழுந்து, சில நிமிஷங்களில் உண்மை புலப்பட்டது. அண்மையில் புரிந்துகொண்டவனுக்கே, புரியாதவன் எந்த இடத்தில் இடறுகிறான் என்பது நன்றாகத் தெரியும். நெடுங்காலம் முன்பே கற்ற ஆசிரியனோ அவ்விடறலை மறந்துவிட்டவன். 1991 முதல் அவர் இதனை ஓர் ஒழுங்காக்கினார்: வினா விடுத்தல், தனித்தனியே விடை பெறுதல், அயலாருடன் தர்க்கிக்கச் செய்தல், மறுபடி விடை பெறுதல்.

1998-ல் ரிச்சர்ட் ஹேக் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட மாணவரின் பரீட்சைப் பயன்களைத் தொகுத்தபோது, பெறக்கூடிய முன்னேற்றத்தில் பழைய வகுப்புகள் சராசரியாக 23 சதவீதத்தையும், மாணவரை ஈடுபடுத்திய வகுப்புகள் 48 சதவீதத்தையும் எய்தியிருந்தன. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா சர்வகலாசாலையில், பொறியியல் மாணவருக்கான பௌதிக வகுப்பொன்றில் நடந்து 2011-ல் வெளியான சோதனை இன்னும் கூர்மையானது: நல்ல பெயரெடுத்த அனுபவசாலியான பேராசிரியரின் பிரசங்கம் கேட்ட பிரிவு 41 சதவீதமும், அனுபவம் குறைந்தவர் புதுமுறையில் நடத்திய பிரிவு 74 சதவீதமும் பெற்றன.

இவ்வளவுக்குப் பின்னும் மாணவரே இம்முறையை விரும்பாதிருப்பதுண்டு. ஹார்வர்ட் பௌதிக வகுப்புகளில் நடந்து 2019-ல் வெளிவந்த ஆய்வில், தாமே முயன்று கற்றவர்கள் அதிகம் கற்றிருந்தும் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தனர். சரளமான சொற்பெருக்கைக் கேட்டவர்களுக்கோ எல்லாம் விளங்கிவிட்டதுபோல் ஒரு திருப்தி உண்டாயிற்று. ஆதலால், இந்த மயக்கத்தைப் பருவத்தின் ஆரம்பத்திலேயே ஆசிரியர் மாணவருக்கு எடுத்துரைக்க வேண்டுமென்று அவ்வாய்வாளர் வேண்டிக்கொண்டனர்.